சாட்டையடித் தூணின் பெயரில் ஒரு சதுக்கம்

பிரேசில் என்றதும் நமக்குக் கால்பந்தும் ரியோவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1549-ல் உருவாகி 1763 வரை அந்நாட்டின் தலைநகராக இருந்தது சால்வடார்.

இங்கே போகிறவர்கள் முதலில் தேடுவது பழைய நகரான பெலோரின்யோவை. கல் பாவிய சரிவான தெருக்கள், வண்ண வண்ண வீடுகள், காதைப் பிளக்கும் முரசுச் சத்தம். 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்தது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அடிமைகளைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த தூண்!

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களில் வதைபட்டார்கள். 1835 ஜனவரியில் ஆப்பிரிக்க முஸ்லிம்கள் தலைமையில் வெடித்த கிளர்ச்சி ஒரே இரவில் நசுக்கப்பட்டது. அடிமை முறை ஒழிந்தது 1888-ல்தான்.

ஆனாலும் அவர்கள் எதையும் மறந்துவிடவில்லை. பெலோரின்யோவின் சரிவில் நிற்கும் நீல நிறத் தேவாலயம், கறுப்பின மக்களின் சங்கம் 18-ம் நூற்றாண்டில் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. தெருமுனையில் வெள்ளை உடைப் பெண்கள் செம்பனை எண்ணெயில் பொரிக்கும் பயறு வடைக்குப் பெயர் அக்கராஜே. நைஜீரியாவில் அதுவே அக்கரா. 1890-ல் சட்டம் தடைசெய்த கப்போய்ரா சண்டைக்கலையை இன்று தெருவிலேயே ஆடுகிறார்கள்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. 1990-களில் பெலோரின்யோவைப் புதுப்பித்தபோது, அங்கே வாழ்ந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் பெருமளவில் வெளியேற்றப்பட்டன. முரசுச் சத்தத்தை ரசிக்கிறோம். முரசு அடிப்பவருக்கு அங்கே வீடு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டாமா நண்பர்களே?