கையடக்க கேம் கன்சோலில் ஆயிரக்கணக்கில் ஃப்ரீ கேம்கள்.. வாங்கினால் சிக்கலா? சட்டம் சொல்வது என்ன?

"ஒரே மெஷினில் 10,000 கேம்!" இந்த விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். ஆர்டர் போட்டால் தருமபுரி, அரூர், பாலக்கோடு என எந்த ஊருக்கும் வீடு தேடி வந்துவிடும். டிவியில் கேசட் சொருகி மாரியோ விளையாடிய தலைமுறைக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால், உள்ளே இருக்கும் அந்த கேம்கள் யாருடையவை?

எமுலேட்டர் குற்றமா?

பழைய கேம் மெஷினைப் போலவே இயங்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். இது மட்டும் குற்றமில்லை. சோனி தொடர்ந்த வழக்கில் 2000-லேயே அமெரிக்க நீதிமன்றம் எமுலேட்டர் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், பூட்டை உடைத்தால் கதையே வேறு. கேமின் பாதுகாப்புப் பூட்டை மீறியதாக நின்டெண்டோ வழக்குப் போட, 2024 மார்ச்சில் 'யூசு' எமுலேட்டர் குழு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடியது. இந்தியாவிலும் காப்புரிமையை மீறும் நோக்கத்தில் பூட்டை உடைத்தால், 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை.

அப்போ சிக்கல் எங்கே?

'ரோம்' எனப்படும் கேம் நகலில்தான். "பழைய கேம்தானே" என்று நினைக்க வேண்டாம். 1985-ல் வந்த சூப்பர் மாரியோவுக்கே காப்புரிமை இன்னும் முடியவில்லை.

கடைக்காரர்கள் கவனிக்க!

மெமரி கார்டில் கேம் ஏற்றி விற்றால், 1957 காப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். வாரண்ட் இல்லாமலேயே சப்-இன்ஸ்பெக்டர் பொருட்களைப் பறிமுதல் செய்யலாம். இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதாவது, ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போகணும்.

வாங்கி விளையாடுபவருக்கு?

சட்டத்தின் பார்வையில் அந்தக் குட்டி கன்சோலும் கம்ப்யூட்டர்தான். திருட்டு நகல் எனத் தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவு பாயலாம். குறைந்தது 7 நாள் சிறை. லாப நோக்கம் இல்லையென்றால், சிறை இல்லாமல் ரூ.50,000 வரை அபராதத்தோடு கோர்ட் விடலாம்.

ரிவ்யூ போடுபவர்களும் உஷார். இத்தாலியில் 2025-ல் இத்தகைய கன்சோல்களைப் பற்றி வீடியோ போட்ட யூடியூபர் ஒருவரிடமிருந்து 30-க்கும் மேற்பட்ட கன்சோல்களை போலீசார் பறிமுதல் செய்தனர்.

பாதுகாப்பான வழி என்ன?

* நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு நீங்களே பேக்கப் நகல் எடுக்க 52-வது பிரிவு இடம் தருகிறது. வெப்சைட்டில் டவுன்லோடு செய்வது அதில் சேராது.
* உருவாக்கியவர்களே இலவசமாக வெளியிடும் கேம்களை ஏற்றிக்கொள்ளலாம்.
* கன்சோலை கேம் ஏற்றாமல் வாங்குங்கள். விற்பவர்களும் அப்படியே விற்பது நல்லது.