தன்னையும் சேர்த்து எண்ணிய கணினி



பெல் ஆய்வகத்தில் 1969-ல் யுனிக்ஸ் பிறந்தது. கணினிக்குள் இப்போது எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது என்று பட்டியல் போடும் 'பிஎஸ்' கட்டளையும், பட்டியலில் ஒரு சொல்லைத் தேடும் 'கிரெப்' கட்டளையும் 1973-லேயே வந்துவிட்டன. அந்தக் கால 'பிஎஸ்' இயங்குதளத்தின் நினைவகத்துக்குள் நேராகப் புகுந்து படிக்கும். 1984-ல் டாம் கில்லியன் என்பவர் ஓடும் ஒவ்வொரு புரோகிராமையும் ஒரு கோப்பு போலக் காட்டும் வழியைச் செய்தார். லினக்ஸும் அந்த வழியில்தான் நடக்கிறது. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011-ல் உங்களில் பலருக்குக் கிடைத்த இலவச மடிக்கணினியிலும் இருந்தது.

அந்த ஆண்டு, மதிப்பெண்களை நகல் எடுக்கும் புரோகிராம் ஓடுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க, பள்ளிக் கணினியில் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். 'பிஎஸ்' பட்டியலில் 'கிரெப்' தேடும். பெயர் கிடைத்தால் 'ஓடுகிறது' என்று எழுதும்.

டிசம்பரில் ஒரு மாணவன், "அது நின்னுபோச்சு சார்" என்றான். நான் அறிக்கையைக் காட்டி, எல்லார் முன்னாலும் அவனைக் கடிந்துகொண்டேன்.

டிசம்பர் 30 விடியலில் தானே புயல். கணினி நனைந்து போனது. நகலும் இல்லை. அரையாண்டு விடைத்தாள்களை அரிக்கேன் வெளிச்சத்தில் மறுபடி கூட்டினோம். அவனும் வந்து உட்கார்ந்து கூட்டினான்.

பிறகுதான் புரிந்தது. தேடுகிற 'கிரெப்'பும் ஓடுகிற ஒரு புரோகிராம்தானே! அதன் வரியிலும் தேடும் பெயர் இருக்கும். அது கண்டுபிடித்தது தன்னைத்தான். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து தலை எண்ணும்போது தன்னை விட்டுவிட்டார்கள். என் ஸ்கிரிப்டோ தன்னையும் சேர்த்து எண்ணியது.

மருந்து எளிது. பெயரின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால் 'கிரெப்' தன் வரியைப் பிடிக்காது. 1998-ல் சோலாரிஸ் 7-ல் வந்த 'பிகிரெப்' தன்னை எண்ணுவதே இல்லை. இன்றைய லினக்ஸிலும் அது உண்டு. எதுவானாலும், புரோகிராமை வேண்டுமென்றே நிறுத்தி, அறிக்கை 'இல்லை' என்று சொல்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

சிதம்பரத்தில் ஓய்வாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தம்பி, நீ இதைப் படித்தால், அன்று நீ சொன்னதுதான் சரி. சாரை மன்னித்துக்கொள்.