பத்து எழுத்துக்குள் ஒரு பேரேடு - ஏஎஸ்/400 கதை

பேரேட்டில் பக்க எண் தவறிவிட்டால் கணக்கைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இதே தலைவலி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுபவர்களுக்கும் உண்டு. அதற்குச் சரியான உதாரணம், ஐபிஎம் 1988 ஜூன் 21 அன்று அறிமுகப்படுத்திய ஏஎஸ்/400.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டரில் உருவான எந்திரம் இது. மெயின்ஃப்ரேம் வாங்க முடியாத, பிசி போதாத நடுத்தர நிறுவனங்கள்தான் இதன் முக்கிய வாடிக்கையாளர்கள். உள்ளமைப்பு, 1978-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38-இன் வாரிசு.

இதில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்கிக்கொண்டே போக முடியாது. லைப்ரரி, அதற்குள் ஃபைல், அதற்குள் மெம்பர். அவ்வளவுதான்! ஒரு புரோகிராமின் மூலநிரல் (அதாவது மனிதர் எழுதிய வடிவம்) ஒரு மெம்பரில் இருக்கும். எந்தப் பெயரும் 10 எழுத்தைத் தாண்டக் கூடாது.

ஐபிஎம் தன்னுடைய பெயர்களைக் 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும். ஆர்பிஜி மொழியில் எழுதியதெல்லாம் 'கியூஆர்பிஜிஎஸ்ஆர்சி' ஃபைலுக்கு; கட்டளை நிரல்கள் 'கியூசிஎல்எஸ்ஆர்சி'க்கு; திரை, கோப்பு வரையறைகள் 'கியூடிடிஎஸ்எஸ்ஆர்சி'க்கு. அதாவது விற்பனையா, சம்பளமா என்று பார்த்துப் பிரிக்கவில்லை. எந்த மொழி என்று பார்த்துப் பிரித்தார்கள். ரசீதுகளை வாடிக்கையாளர்படி அடுக்காமல் மை நிறப்படி அடுக்கியது மாதிரி!

அதனால் வியாபார விவரம் முழுவதையும் மெம்பர் பெயரிலேயே திணிக்க வேண்டியதாயிற்று. உதாரணமாக 'ஏஆர்ஆர்010' என்றால், முதல் இரண்டு எழுத்து வரவேண்டிய கணக்குகள், மூன்றாவது ஆர்பிஜி, மீதி வரிசை எண். கூடவே 50 எழுத்தில் ஒரு விளக்கமும் எழுதலாம். பலர் அதைக் காலியாகவே விட்டார்கள். பெயர் வைத்தவர் ஓய்வு பெற்றுப் போனால் அர்த்தமும் அவரோடு போய்விடும்.

ஒவ்வொரு வரிக்கும் வழக்கமான அளவு 92 இடம்: வரிசை எண்ணுக்கு 6, தேதிக்கு 6, நிரலுக்கு 80. அந்த 80, ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் மிச்சம். 1994-இல் வந்த ஆர்பிஜி IV-க்கு 100 இடம் தேவைப்பட, 112 இடமுள்ள 'கியூஆர்பிஜிஎல்இஎஸ்ஆர்சி' வந்தது. அதை மறந்து பழைய ஃபைலுக்கு நகலெடுத்தால், வரிக் கடைசியில் எழுதிவைத்த குறிப்புகள் வெட்டுப்பட்டுவிடும்.

உண்மையான சோதனை 2000-ஆம் ஆண்டுத் தேதிப் பிரச்சினையின்போது வந்தது. வட்டி கணக்கிடும் புரோகிராம் தினமும் ஓடுகிறது. மூலநிரலைத் தேடினால் இல்லை. அல்லது மூன்று லைப்ரரியில் மூன்று நகல் இருக்கிறது. தப்பான நகலைத் திருத்தி ஏற்றினால், ஏற்கெனவே சரிசெய்த பிழைகள் திரும்பி வந்துவிடும். நல்லவேளை, ஓடும் புரோகிராம் தான் எந்த லைப்ரரி, ஃபைல், மெம்பரிலிருந்து வந்தது, அந்த மெம்பர் கடைசியாக மாறியது எப்போது என்று குறித்து வைத்திருக்கும். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுவதுபோல் அந்தத் தேதியையும் மெம்பரின் தேதியையும் ஒத்துப்பார்க்க வேண்டியதுதான். யாராவது மெம்பரை இடம் மாற்றியிருந்தால், குறிப்பு காலி இடத்தைத்தான் காட்டும்.

நீண்ட பெயர்களும் அடுக்கு ஃபோல்டர்களும் 1994-இலேயே இந்த எந்திரத்துக்கு வந்துவிட்டன. 2008 முதல் அதன் இயங்குதளத்தின் பெயர் 'ஐபிஎம் ஐ'. ஆனாலும் பல நிறுவனங்களில் மூலநிரல் பழைய மெம்பர்களில்தான் இருக்கிறது. வரிக்கு வரி பதிவாகும் அந்தத் தேதியில் வருடத்துக்கு இன்னும் இரண்டே இலக்கம்தான் :-)