மௌனா லோவா கரியமில வாயு அளவீடு

ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், கடல்மட்டத்துக்கு 3,397 மீட்டர் மேலே உள்ள ஆய்வகத்தில் 1958 மார்ச் முதல் நடந்துவரும் காற்றளவீடு. வளிமண்டலத்தில் கரியமில வாயு ஆண்டுதோறும் கூடுவதை ஐயமின்றி நிறுவியது இந்தப் பதிவுதான். இதன் வரைபடம் ‘கீலிங் வளைகோடு’ எனப்படுகிறது.

கரியமில வாயுவை வேதிமுறையில் அளக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் முடிவுகள் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறின. 1950களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நிறுவிய நிலையங்களிலும் இதே கதைதான். மாறியது காற்றா, அளவியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்த வழியைத் திறந்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1955 வாக்கில் கலிபோர்னியாவில், ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து, திரவ நைட்ரஜன் குளிரில் கரியமில வாயுவை உறையவைத்துப் பிரித்து, பாதரச அழுத்தமானியில் அளந்தார். இரவில் எண்கள் ஏறினாலும், காற்று நன்கு கலக்கும் பிற்பகலில் எங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்: பத்து லட்சத்துக்கு 310 பங்கு. பின்புலக் காற்று என ஒன்று உண்டு, அதை அளக்கலாம் என்ற நம்பிக்கை இங்கே பிறந்தது.

1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, அமெரிக்க வானிலைத் துறையின் ஹாரி வெக்ஸ்லரும் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ரோஜர் ரெவெலும் ஆதரவளித்தனர். மௌனா லோவாவுக்கு அகச்சிவப்பு அளவி வந்தது. முதல் நாள் அளவு 313. மே வரை ஏறிய எண், அதன்பின் இறங்கியது. நடுவே மின்தடைகள் வேறு. கருவியையே சந்தேகிக்கவேண்டிய நிலை. மறு ஆண்டும் அதே ஏற்ற இறக்கம் வந்தபோதுதான், வட அரைக்கோளத் தாவரங்கள் கோடையில் வாயுவை உண்டு குளிர்காலத்தில் திருப்பித் தருவது தெரியவந்தது.

தொலைதூர மலை என்பதாலேயே காற்று தூய்மையாகிவிடாது. இரவில் சரிவிறங்கும் காற்று சில நேரம் எரிமலை வாய்களின் வாயுவைக் கொண்டுவரும். பகலில் ஏறிவரும் காற்று கீழேயுள்ள செடிகொடிகள் வாயுவை உறிஞ்சியபின் மிஞ்சியது. அளவு நிலையாக நிற்கும் மணிநேரங்கள் மட்டுமே கணக்கில் சேர்கின்றன. காற்றிலுள்ள ஈரத்தை முதலில் குளிர்வித்து நீக்குகிறார்கள். குடுவையில் காற்றுப் பிடிப்பவர் மூச்சை அடக்கி, காற்று வரும் திசை நோக்கி நடந்துபோய் மூடியைத் திறப்பார். தம் மூச்சே மாதிரியைக் கெடுத்துவிடும் என்பதால்.

இவற்றைவிட முக்கியம் ஒப்பீட்டு வாயு. அகச்சிவப்பு அளவி தானாக எந்த எண்ணும் சொல்வதில்லை. சற்று நேரம் வெளிக்காற்று, பிறகு அளவு தெரிந்த சிலிண்டர் வாயு என மாறிமாறிச் செலுத்தி வேறுபாட்டைப் பார்க்கவேண்டும். சிலிண்டரின் அளவோ அழுத்தமானியில் சரிபார்த்தது. முதலில் சிலிண்டர்களில் நைட்ரஜனோடு கலந்த கரியமில வாயுவே இருந்தது. ஆக்சிஜன் இல்லாத கலவையில் அகச்சிவப்பு உறிஞ்சல் சற்று வேறுபடுவதால் சில பங்கு பிழை நேர்ந்தது பின்னாளில் தெரிந்தது. ஆண்டு உயர்வே ஒரு பங்கை எட்டாத காலத்தில் இது சிறு பிழையல்ல. ஒவ்வொரு சிலிண்டரின் வரலாறும் எழுதிவைக்கப்பட்டிருந்ததால் பழைய எண்களையும் திருத்த முடிந்தது. இந்தக் கணக்குப்புத்தகப் பொறுமையே கீலிங்கின் பெருங்கொடை.

1964இல் நிதி வெட்டால் சில மாதப் பதிவு விடுபட்டது. அந்த இடைவெளி வளைகோட்டில் இன்றும் நிற்கிறது. 1974 முதல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் தனிக் கருவியால் அதே காற்றை அளக்கிறது. ஒன்றை மற்றொன்று சரிபார்க்கும் இந்த இரட்டைப் பதிவு இன்றளவும் தொடர்கிறது. உலக நிலையங்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவுகோலை அந்நிர்வாகத்தின் போல்டர் ஆய்வகம் பேணுகிறது. வட அரைக்கோள நிலையங்களின் எண்கள் 0.1 பங்குக்குள் ஒத்திருக்கவேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் இலக்கு. 2019இல் அகச்சிவப்பு அளவியின் இடத்துக்கு லேசர் கருவி வந்தது. கண்ணாடிகளுக்கிடையே சிறைப்பட்ட ஒளி எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதிலிருந்து வாயுவின் அளவை அது கணிக்கிறது.

2013 மே மாதம் நாள் சராசரி 400ஐத் தொட்டது. 2024 ஆண்டுச் சராசரி 424க்கு மேல். 2022 நவம்பரில் எரிமலை வெடித்து, எரிகுழம்பு சாலையையும் மின்கம்பியையும் துண்டித்தது. அளவீடு அருகிலுள்ள மௌனா கேயா மலைக்குத் தற்காலிகமாக மாறியது. 2023இல் சூரிய மின்சாரத்தின் உதவியோடு பழைய இடத்திலும் மீண்டும் தொடங்கியது.