ஆறாத புண்ணின் வேர்

காலில் நீலநிறத்தில் புடைத்து முறுக்கிக்கொண்டு தெரியும் ரத்தக் குழாய்களைப் பேச்சுவழக்கில் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம். இந்தச் சொல்வழக்கே சில நேரங்களில் சிகிச்சையைத் திசைதிருப்பிவிடுகிறது. நரம்புக் கோளாறு என்று நம்பிச் சத்து மாத்திரை வாங்கி உண்பவர்களும், தைலம் தேய்த்து நீவிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. உண்மையில் புடைத்திருப்பது நரம்பு அன்று. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை. மருத்துவம் இதனைச் சுருள்சிரை நோய் என்கிறது. 'வெரிகோஸ் வெயின்' என்ற பெயரும் மக்களிடையே பரவலாகப் புழங்குகிறது.

சுருள்சிரை உள்ள எல்லோருக்கும் ஆபத்து நேர்ந்துவிடுவதில்லை. பலருக்கு அது கால் கனப்பதோடும் மாலை நேர வீக்கத்தோடும் நின்றுவிடுகிறது. ஆனால், ஒரு பகுதியினருக்கு ஆறாத புண், திடீர் ரத்தக் கசிவு, ரத்த உறைவு ஆகிய பின்விளைவுகள் நேர்கின்றன. இவற்றுள் பலவும் முன்கூட்டியே அடையாளம் காட்டுபவை. உரிய நேரத்தில் கவனித்தால் தவிர்க்கக்கூடியவை.

காலிலிருந்து ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். இந்த வேலையைக் கெண்டைக்கால் தசை செய்கிறது. நடக்கும்போது அது சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது; சிரைகளுக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள் மேலேறிய ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரைக்குள் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வுகள் பழுதடைந்தவர்களுக்கோ நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு குறைவதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடரும் இந்த அழுத்தமே எல்லாப் பின்விளைவுகளுக்கும் வேர்.

முதலில் தெரிவது வீக்கம். அடுத்து, சிறு ரத்தக் குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றிலுள்ள இரும்புச்சத்து தோலில் படிவதால் கணுக்காலைச் சுற்றிப் பழுப்பு நிறம் பரவுகிறது. அரிப்பும் தோல் உலர்ந்து செதிலாவதும் தொடர்கின்றன. பின்னர்த் தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் இறுகிக் கட்டைபோல் ஆகின்றன. இதைத் தேமல் என்றோ படை என்றோ எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள் புண்ணுக்கு முந்தைய படியில் நிற்கிறார்கள் என்பதை அறிவதில்லை. சிறு கீறலோ கொசுக்கடியைச் சொறிந்ததோ போதும். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே புண் உருவாகிவிடும்.

இங்குதான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன. புண்ணுக்கு மட்டும் மருந்து போடப்படுகிறது. புண்ணை உண்டாக்கிய அழுத்தம் அப்படியே விடப்படுகிறது. விளைவு, ஆறுவதும் மீண்டும் திறப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிகின்றன. காய்ச்சல், பரவும் சிவப்பு, கடும் வலி போன்ற தொற்றின் அறிகுறிகள் இல்லாத புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளால் பயன் இல்லை. சிரைப் புண்ணை ஆற்றும் முதன்மையான மருத்துவம் முறையான அழுத்தக் கட்டு. அது வெளியிலிருந்து சிரைகளை அணைத்து, உள்ளே தேங்கும் ரத்தத்தை மேலேற உதவுகிறது.

அத்துடன், பழுதான சிரையையும் அடைத்துவிட வேண்டும். பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாக்கியது. அழுத்தக் கட்டுடன் தொடக்கத்திலேயே சிரைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்குப் புண் ஆற எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 56 நாள்கள். சிரைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்கள். அதற்கு முன்னர் 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கட்டுடன் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் ஓராண்டுக்குள் புண் திரும்பியது 12 சதவீதத்தினருக்கு என்றும், கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதத்தினருக்கு என்றும் காட்டியது.

அழுத்தக் கட்டையோ காலுறையையோ தாமாகக் கடையில் வாங்கி அணிவது எல்லோருக்கும் ஏற்றதன்று. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால், இறுக்கிக் கட்டுவது காலையே அழுகச் செய்துவிடக்கூடும். ஆகவே, கணுக்கால், கை ஆகிய இரண்டிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்ட பின்னரே கட்டுப் போட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களிடம் தமனிச் சுவர் கடினப்பட்டிருப்பதால் இந்த அளவீடு பொய்யாக உயர்ந்து தெரியலாம். அவர்களுக்குக் கூடுதல் பரிசோதனை தேவை. பாதத்தின் அடியிலோ விரலிலோ வரும் புண் பெரும்பாலும் நீரிழிவால் அல்லது தமனி அடைப்பால் வருவது. அதன் மருத்துவம் வேறு.

அடுத்த பின்விளைவு ரத்தக் கசிவு. மெலிந்த தோலுக்கடியில் புடைத்திருக்கும் சிரை, குளிக்கும்போதோ உறக்கத்திலோகூட உடைந்துவிடலாம். வலி இராது, ரத்தம் மட்டும் நிற்காமல் வழியும். இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. அவர்களுள் தனியாக வாழ்ந்த முதியவர்களே மிகுதி. இத்தனைக்கும் முதலுதவி மிக எளிது. உடனே படுத்து, காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி, தூய துணியால் கசியும் இடத்தை விடாமல் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ இருந்தால் ரத்தம் நிற்காது. காயத்துக்கு மேலே கயிறோ துணியோ இறுக்கிக் கட்டினால், திரும்பிச் செல்லும் வழி அடைபட்டுக் கசிவு அதிகமாகும். ரத்தம் நின்றாலும் மருத்துவரைக் காண்பது கட்டாயம்; ஒருமுறை கசிந்த சிரை மீண்டும் கசியும்.

மூன்றாவது, ரத்த உறைவு. புடைத்த சிரை திடீரெனச் சிவந்து, கயிறுபோல் கெட்டிப்பட்டு வலித்தால் அதற்குள் ரத்தம் உறைந்திருக்கிறது என்று பொருள். தொடையின் மேற்பகுதிக்கு, கவட்டை நோக்கி அது ஏறினால் ஆழ்சிரைக்குள் பரவும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது ஆழ்சிரை உறைவின் அறிகுறியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால், உறைவு நுரையீரலை அடைந்திருக்கக்கூடும். அப்போது தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும். உறைந்த காலை நீவிவிடுவது பெருந்தவறு.

டாப்ளர் ஸ்கேன் என்னும் வலியற்ற பரிசோதனை எந்த வால்வு பழுதாகியிருக்கிறது என்பதைக் காட்டிவிடும். லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் சிரையை உள்ளிருந்தே மூடுவது, நுரை மருந்தைச் செலுத்துவது, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை எனப் பல வழிகள் இன்று உள்ளன. வெப்பச் சிகிச்சை பெற்றவர் பெரும்பாலும் அன்றே நடந்து வீடு திரும்பலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறையே இயங்குகிறது. கர்ப்ப காலத்தில் தோன்றும் புடைப்பு, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும். அதுவரை இத்தகைய சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

பரம்பரை, வயது, கர்ப்பம், உடல்பருமன் ஆகியவற்றுடன் நெடுநேரம் நிற்கும் வேலையும் இந்நோயைத் தீவிரமாக்குகிறது. ஜவுளிக்கடை ஊழியர், சமையல் தொழிலாளர், போக்குவரத்துக் காவலர், செவிலியர் என இப்பட்டியல் நீளமானது. கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைகள், நிறுவனங்கள் தொடர்பான சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கின. இருக்கை போட்டிருந்தும் அமர்ந்தால் மேலாளர் முறைப்பார் என்ற அச்சம் நிலவும் இடத்தில் அச்சட்டத்தால் பயன் இல்லை. தொழிலாளர் துறையின் ஆய்வு இருக்கைகளை எண்ணுவதோடு நிற்காமல், ஊழியர்கள் அமர முடிகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

அவ்வாறே, நீரிழிவு, ரத்த அழுத்த நோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் கால்களையும் ஒருமுறை பார்த்துவரும்படி செய்யலாம். முழங்காலுக்குக் கீழே இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் இருந்தால் ரத்தநாள மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பிரிட்டன் 2013-இல் வகுத்த நெறி. நமது ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அது பொருந்தும். வாரக்கணக்கில் ஆறாத புண்ணோடு வருபவருக்கு இன்னொரு களிம்பு எழுதித் தருவதற்கு முன்னர், அவரது காலின் சிரையையும் தமனியையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதே அவர் பெற வேண்டிய முதல் சிகிச்சை.