திரியாய்க் குன்றும் கல்லகழ்வும்

திருகோணமலைக்கு வடக்கே, கடலோரமாக ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில் திரியாய் என்னும் பழம்பதி உளது. வயலும் காடும் சூழ்ந்த அவ்வூர்க் குன்றின்மீது, தாதுகோபம் ஒன்றை வளைத்து வட்டமாகக் கற்றூண்கள் நிற்கின்றன. குன்றின் பாறையிலே பல்லவ கிரந்த எழுத்தாற் பொறித்த வடமொழிச் சாசனம் கி. பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டினது என்பர். வணிகக் கூட்டத்தார் இத்தலத்தை நிறுவியமையை அது கூறும். தூணாய் நிற்பது உடைத்தெடுத்த கல். சாசனம் தாங்குவது உடைக்காது விட்ட கல். எதனை எடுப்பது, எதனை விடுவது என்னும் தெளிவு முன்னோர்க்கு இருந்தது.

அகழ்தல் யாவும் அழித்தலன்று என்பதற்கு இலங்கையிலே வேறு சான்றுகளும் உள. சபரகமுவையில் இரத்தினம் தேடுவோர் ‘இல்லம்’ என்னும் கூழாங்கற் படைவரை குழி தோண்டுவர். அக்குழிகளிற் கிடைத்த பற்களையும் என்புகளையும், 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் அதிபராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல ஆராய்ந்தார். சிங்கமும் காண்டாமிருகமும் நீர்யானையும் ஒருகாலத்தில் இத்தீவில் வாழ்ந்தமை அவ்வாறே புலனாயிற்று. அவை கழிவென வீசப்பட்டிருப்பின் அவ்வரலாறும் மண்ணோடு மறைந்திருக்கும்.

வில்பத்துக் காட்டை அடுத்த அருவக்காட்டிலே சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்படுகின்றது. கடல்வாழ் உயிர்களின் எச்சங்களைக் கொண்ட பழம்பாறை அது. அங்கே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் ஆலோசனையுடன், அகழ்ந்து முடிந்த நிலத்தில் மேன்மண்ணை மீளப் பரப்பி, அவ்விடத்துக்குரிய மரங்களை நட்டனர். நிழல் வந்தபின் புள்ளும் விலங்கும் திரும்புதல் இயல்பு. ஆயினும் முதுகாடு ஒன்றுக்கு அஃது ஈடாகாது. சிதைந்ததை ஓரளவு ஆற்றும் மருந்தே அது.

திரியாய்க்கும் இது புறம்பான செய்தியன்று. அதன் வடக்கே புல்மோட்டையில், 1957இல் நிறுவப்பட்ட கூட்டுத்தாபனத்தின் வழியே இல்மனைற்று மணல் எடுக்கும் தொழில் வளர்ந்தது. அதற்கும் அப்பால், 1951இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட கொக்கிளாய்க் களப்பு உளது. தொழிலும் சரணாலயமும் ஒரே கரையில் அயலவையாயின. மணலை அலை ஓரளவு மீளக் கொணரும். பிளந்த குன்றை எவ்வலையும் கொணராது. ஆதலின் அகழுமுன் ஆராய்தல், அகழுங்கால் வெளிப்படுவதைப் பேணல், அகழ்ந்தபின் நிலத்தை உயிர்களுக்கு மீட்டளித்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், எஞ்சுவது வெறுங்குழியே.