தூய தமிழும் தீட்டும்

தமிழில் ஆங்கிலம் கலப்பதைக் கண்டிக்க மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெண்ணைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பிள்ளைக்கு 'மம்மி' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்த தாய், 'ஒரே டென்ஷன்' என்று அலுத்துக்கொள்ளும் மருமகள், தொலைக்காட்சித் தொகுப்பாளினி. மதுரையில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குக் குறைவில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஊர் இது. சங்கப்பலகைக் கதையை ஆட்டோ ஓட்டுகிறவரும் சொல்வார். "மைக் சரியில்ல, கொஞ்சம் வால்யூம் கூட்டுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சாளர் மம்மியைத் திட்டத் தொடங்குவார். மைக்கும் வால்யூமும் யார் காதையும் உறுத்துவதில்லை.

மொழியைப் பெண்ணாக, தாயாக, தெய்வமாகப் பார்க்க நாம் பழகிவிட்டோம். பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்த வாழ்த்தின் ஒரு பகுதி 1970இல் அரசு விழாக்களின் பாடலானது. மொழி தாயாகிவிட்டால் அவளுடைய மானத்தைக் காக்க மகன்கள் தேவைப்படுகிறார்கள். வீட்டிலிருக்கும் தாயோ அந்தத் தாயின் சாயலில் இருந்தாக வேண்டும். தமிழ்ப்பற்றின் இந்தக் குடும்ப அமைப்பைப் பற்றி சுமதி ராமசாமி 1997இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். நான் இங்கே சொல்ல வருவது வேறு. தமிழைத் தூய்மைப்படுத்தும் வேலையில் பெண்கள் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள். ஆனால் பெண்களைப் பற்றிய சொற்கள் அந்தத் தூய்மைப் பணியின் கண்ணில் படவில்லை.

தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய கதை நம் மாணவிகளுக்குத் தெரிந்ததுதான். 1916இல் சுவாமி வேதாசலம் தம் மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது, இராமலிங்க அடிகளின் பாடலொன்றில் வரும் 'தேகம்' என்ற வடசொல்லின் இடத்தில் 'யாக்கை' இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றாராம். அப்படியானால் இனி நாமும் பிறமொழி கலக்காமல் பேசலாம், எழுதலாம் என்ற முடிவு அந்தப் பேச்சில் பிறந்தது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் இரண்டு இடங்களில் நிற்கும். எதிரே அமர்ந்திருந்த மகள் 1903இல் பிறந்தவள், பதின்மூன்று வயதுக்காரி. அவர்கள் பேசிக்கொண்டிருந்த சொல், உடம்பைக் குறிக்கும் சொல்.

அந்தச் சிறுமிதான் நீலாம்பிகை அம்மையார். சென்னையில் பெண்கள் பள்ளிகளில் தமிழ் கற்பித்தார். 1925இல் 'தனித்தமிழ்க் கட்டுரைகள்' என்ற நூலை வெளியிட்டார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை நடத்திய திருவரங்கம் பிள்ளையை மணந்தார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். 1937இல் வந்த அவருடைய வடசொல் - தமிழ் அகரவரிசை, அன்றைய பேச்சிலும் எழுத்திலும் புழங்கிய ஆயிரக்கணக்கான வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களை வரிசைப்படுத்தித் தந்தது. அகராதி வேலை எப்படிப்பட்டது என்று செய்தவர்களுக்குத் தெரியும். ஊறவைத்த அரிசியில் கல் பொறுக்குவதைப் போன்றது. முடித்தபின் சோறுதான் கண்ணுக்குத் தெரியும். நாற்பது வயதை ஒட்டியே அவர் இறந்துபோனார். இன்று 'மறைமலையடிகளின் மகள்' என்று ஒரு வரியில் நம் பாடநூல்கள் அவரைக் கடந்துவிடுகின்றன. தந்தை மொழிந்தார், மகள் வழிமொழிந்தார் என்பதாகவே கதை நிலைத்துவிட்டது.

1938இல் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது நடந்ததும் இதே மாதிரிதான். திருச்சியிலிருந்து சென்னைக்கு நாற்பத்திரண்டு நாள் நடந்த தமிழர் படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார்; அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பெயரை வழங்கிய மாநாடு அதுதான். மறுநாளே டாக்டர் தருமாம்பாளும் இராமாமிர்தம் அம்மையாரும் இன்னும் சில பெண்களும் மறியலில் கைதானார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு போனார். அடுத்தடுத்த மாதங்களில் 73 பெண்கள் 32 குழந்தைகளோடு சிறைக்குப் போனதாகக் கணக்குச் சொல்வார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களை மறியலுக்குத் தூண்டிவிட்டார் என்று பெரியார்மீது வழக்குப் போட்டது. பெண்கள் தாமாக முடிவெடுத்துப் போயிருப்பார்கள் என்பது ராஜாஜி அரசின் கற்பனைக்கு எட்டவில்லை.

அந்தத் தலைமுறையின் உழைப்பால்தான் நமஸ்காரம் வணக்கமாயிற்று. அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார், 'ஸ்திரீகள்' பெண்களானார்கள். இதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். வகுப்பில் நின்று இந்தத் தமிழில் பேச முடிகிறது என்றால் அதற்கு அவர்கள்தான் காரணம். அதே சமயம், கலப்பு என்பது நேற்று ஆங்கிலத்தோடு வந்த நோயுமில்லை. தொல்காப்பியர் காலத்திலேயே திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இலக்கணத்தில் இடம் இருந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்த என் அம்மாச்சிக்கு எழுத்துத் தெரியாது; ஆங்கிலமும் தெரியாது. ஆனால் அவர் வாயில் நாலு தேசம் இருந்தது. ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்த்துக்கீசியம். கக்கூஸ் டச்சு. வசூல், பாக்கி, ரத்து, ஜாமீன், வக்கீல் எல்லாம் பாரசீகமும் அரபும் உருதுவுமாக நவாபு ஆட்சியின் கச்சேரிகள் வழியே வந்தவை. 'பாக்கி வசூலுக்கு வந்துட்டான்' என்று அம்மாச்சி சொன்னால் தமிழ் அழிகிறதென்று யாரும் அழவில்லை.

அவர் பேசிய தூய தமிழ்ச் சொற்களையும் எண்ணிப் பார்க்கிறேன். தீட்டு. மலடி. அறுதலி. கற்பு. இவற்றில் ஒன்றையும் எந்தத் தனித்தமிழ் அகராதியும் மாற்ற வேண்டியதில்லை. எல்லாம் அசல் தமிழ். தீண்டு என்ற வினையிலிருந்து வந்த 'தீட்டு' சாதிக்கும் பெண்ணுடம்புக்கும் சேர்த்தே செய்யப்பட்ட சொல். மதுரை மாவட்டத்துக் கூவலப்புரத்தில் மாதவிலக்கு நாட்களில் பெண்களை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தங்கவைக்கும் கட்டடத்துக்கு 'முட்டுத்துறை' என்று பெயர். இந்தக் கணினிக் காலத்திலும் அது இருக்கிறது; செய்தியாளர்கள் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முட்டு என்றால் தடை. முட்டு என்றால் மாதவிலக்கும்கூட. பழைய அகராதியில் இரண்டு பொருளும் உண்டு.

இந்த நிலத்தில்தான் 'பீரியட்ஸ்' வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்கள் அதற்கு முன் 'தூரம்' என்பார்கள், 'வீட்டுக்கு விலக்கு' என்பார்கள், 'ஒதுங்கியிருக்கேன்' என்பார்கள். எல்லாச் சொல்லிலும் அவள் எங்கே இருக்கக் கூடாது என்பதுதான் செய்தி. 'மாதவிடாய்' பாடப்புத்தகத்தில் உண்டு, வாயில் இல்லை. உசிலம்பட்டியிலிருந்து பேருந்தில் வருகிற முதல் தலைமுறைக் கல்லூரி மாணவி, "மேம், பீரியட்ஸ், வயிறு வலிக்குது" என்று என்னிடம் சொல்லும்போது அவள் ஆங்கில மோகத்தில் பேசவில்லை. தன் அப்பத்தா போய் உட்கார்ந்த திண்ணையில் தானும் போய் உட்கார மாட்டேன் என்கிறாள்.

'ஹஸ்பெண்ட்' என்ற சொல்லையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். கணவர் பெயரைச் சொல்லக் கூடாதென்று வளர்ந்த பெண்களுக்கு 'அவுக' இருந்தது. அதைவிட்டால் 'எங்க வீட்டுக்காரர்'. வாடகை வீட்டில் குடியிருந்தால் வேடிக்கைதான். மாடியில் ஒரு வீட்டுக்காரர், கட்டிலில் ஒரு வீட்டுக்காரர். இருவரில் யார் முன்கோபி என்பதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். 'ஹஸ்பெண்ட்' என்னும்போது வீட்டின் உடைமை கைமாறாமல் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. அவன் 'நீ' என்பான், அவள் 'நீங்க' என்பாள். படித்த இளம் தம்பதிகள் சண்டை முற்றும்போது சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவதைக் கவனித்திருக்கிறேன். 'யூ'வுக்கு மரியாதைப் படிநிலை இல்லை. சண்டையிலாவது இருவரும் ஒரே தரையில் நிற்கலாம்.

ஆங்கிலம் விடுதலை மொழி என்று இதற்குப் பொருளில்லை. அதன் மிடுக்கால் கூனிக் குறுகிப்போகிறவர்களும் பெண்கள்தான். நேர்முகத் தேர்வில் ஒரு வாக்கியம் தடுக்கியதற்காகக் கழிவறையில் நின்று அழுத மாணவிகளை எனக்குத் தெரியும். 1968இல் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையை நாம் தேர்ந்துகொண்டோம். எழுபதுகளின் இறுதிக்குப் பின் பெருகிய மெட்ரிக் பள்ளிகள், அவற்றில் ஆங்கிலத்தைக் கட்டணத்துக்கு விற்கும் சரக்காக்கின. பணத்தைக் கொடுத்துச் சேர்த்தவர் அப்பா. வீட்டில் உட்கார்ந்து 'ரைம்ஸ்' ஒப்பிக்க வைக்கும் பொறுப்பு அம்மாவுக்கு. கடைசியில் மேடையில் திட்டு வாங்கும் மம்மியும் அவளேதான்.

சரி, தமிழிலேயே பேசிவிடலாம் என்று வந்த பெண்களுக்கு என்ன நடந்தது? 2002இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயரிட்டார். கலப்பில்லாத, சங்க இலக்கியம் முழுக்கப் பயின்ற சொல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி இந்த மதுரையைக் கொளுத்தியது எதைத் திருகி எறிந்து என்பதை எந்தத் தமிழாசிரியரும் மறைக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடாத சொல்லா அது? ஆனாலும் ரேவதியையும் சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரையும் ஆபாசம் எழுதுகிறவர்கள் என்று தூற்றினார்கள். தண்டிக்க வேண்டும் என்றுகூடப் பேசினார்கள். அந்த ஆண்டுகளில் நான் கவிதை எழுதத் தொடங்கியிருந்தேன். ஒரு சொல்லைத் தாளில் வைக்குமுன் பேனா நின்ற நேரத்தை இன்றும் என் கை அறியும். ஆங்கிலத்தில் சொன்னால் மோகம், தமிழில் சொன்னால் ஆபாசம் என்றால், உடம்பைப் பற்றிப் பெண் எந்த மொழியில் பேசுவது? 'யாக்கை' என்ற சொல்லுக்காகத் தொடங்கிய இயக்கத்தின் மண் இது.

ஆனாலும் நீலாம்பிகையார் செய்த வேலை அவரோடு நின்றுவிடவில்லை. பெண்ணியர்கள் விடாமல் கேட்டதால் 'கற்பழிப்பு' என்ற சொல்லைப் பல இதழ்கள் கைவிட்டு, 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' என்று எழுதத் தொடங்கின. வடசொல்லை நீக்குவதற்காக நடந்த மாற்றமில்லை இது. நல்ல தமிழ்ச் சொல்லையே நீக்கி வேறொன்றை வைத்தோம். பழைய சொல்லில் ஏதோ ஒன்று அவளிடமிருந்து அழிந்தது. புதிய சொல்லில் ஒருவன் குற்றம் செய்கிறான். 'திருநங்கை' என்ற சொல்லும் இப்படித்தான் வசவுகளைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தது. இந்தத் தமிழைப் பேசும்போது எனக்குப் பெருமிதமாகவே இருக்கிறது.

காவல் நிலையத்தின் தமிழ் மட்டும் இன்னும் மாறவில்லை. 1992இல் சென்னையில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலம் நம்முடையது. அங்கே வரும் பெண் 'டார்ச்சர் பண்றாரு', 'டச் பண்ணுனான்' என்றுதான் சொல்கிறாள். அது எழுத்தாகும்போது 'மானபங்கப்படுத்தும் நோக்கத்துடன்' என்று மாறிவிடுகிறது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவிலிருந்த ஆங்கிலச் சொல்லே பெண்ணின் நாணத்தைப் பற்றியதுதான். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. ஆங்கிலத்திடம் கடன் வாங்க அங்கே எதுவுமில்லை.

முன்னாள் மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் தன் புகார் மனுவைக் கொடுத்துப் பிழைதிருத்தச் சொன்னாள். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. 'என் மானத்திற்குப் பங்கம் விளைவித்து' என்றொரு வரி இருந்தது. "உன் மானத்துக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். யோசித்தாள். "ஒண்ணும் ஆகல மேம். கைதான் வீங்கியிருக்கு" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டு, 'இரவு எட்டு மணிக்கு அலுவலகப் படிக்கட்டில் என் வலது கையைப் பிடித்து முறுக்கினார். விடச் சொன்னேன். விடவில்லை' என்று தானே எழுதினாள்.